சாரலிலும் உப்புக்காற்றிலும் மின் இணைப்புகளைக் காக்கும் முறை

ஆனி மாதத்தில் ஒரு நாள், கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே ஒரு வாழைத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று அழைத்திருந்தார்கள். ஸ்டார்ட்டரில் குறையில்லை, மோட்டாரிலும் குறையில்லை. சுவரோரமாகத் தொங்கிய கேபிளில் இருந்த ஒரு ஜாயின்ட்டைக் கடைசியாகத்தான் பிரித்துப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த டேப் புதிது போலப் பளபளப்பாக இருந்தது. அதை உரித்தபோது, உள்ளே இருந்த செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, விரல் பட்டவுடன் தூளாக உதிர்ந்தன. டேப் சுற்றியவர் அக்கறையில்லாதவர் அல்லர். ஆறேழு சுற்று இறுக்கமாகவே சுற்றியிருந்தார். ஆனால் அந்தச் சுற்றுகள் வெளியிலிருந்த நீரைத் தடுத்ததைவிட, கேபிள் வழியே உள்ளே இறங்கிய நீரை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருந்ததே அதிகம்.

மின் இணைப்பை ஈரத்திலிருந்து காப்பது என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மேலே போடும் மூடிதான். எனது அனுபவத்தில் மூடி இரண்டாவது வேலை. முதல் வேலை, உலோகம் உலோகத்தோடு சுத்தமாகவும் இறுக்கமாகவும் சேர்வது. மூன்றாவது வேலை, எவ்வளவு மூடினாலும் என்றாவது உள்ளே வந்துவிடும் நீர் தானாகவே வடிந்து போக ஒரு வழி விடுவது. இந்த மூன்றையும் இந்த வரிசையில் செய்தால்தான் ஓர் இணைப்பு பத்து மழைக்காலத்தைத் தாங்கும்.

நம் பக்கத்து ஈரம்

திருநெல்வேலிச் சீமையில் ஈரம் எல்லா ஊருக்கும் ஒரே முறையில் வருவதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்காசி, குற்றாலம், கடையம் பக்கங்களில் கொண்டுவரும் சாரல் நேராகக் கீழே விழுவதில்லை. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கிறது. மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு தகரத்தை நீட்டி வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் அங்கே பலிக்காது. பெருமழையைவிடச் சாரலே பெட்டிகளுக்கு அதிகக் கேடு செய்கிறது என்பது எனது கருத்து. ஏனென்றால் பெருமழை பெய்து ஓய்ந்தபின் வெயில் வருகிறது, சாரலோ நாள் முழுவதும் நனைத்து, காய்வதற்கு இடைவெளியே தருவதில்லை. தாமிரபரணிக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் கீழ்க்காற்றான கொண்டல் கொண்டுவரும் மழையில் சுவரும் தரையும் ஊறி, ஈரம் கீழிருந்து ஏறுகிறது. உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களிலோ மழை இல்லாத நாளிலும் ஈரம் இருக்கிறது.

இதற்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு மரவை கசிவது இதனால்தான். கடல் உப்பில் சமையல் உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது ஏறத்தாழ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். ஆகையால், கடற்காற்றில் படிந்த உப்புப் படலம் சித்திரை வெயிலிலும் முழுமையாகக் காய்வதில்லை. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். செம்பில் பச்சைக் களிம்பை ஏற்றும்.

களிம்பு ஏறினால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். நல்ல இணைப்பின் மின்தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். களிம்பாலும் தளர்ச்சியாலும் அது கால் ஓமாக உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால், பத்தைப் பத்தால் பெருக்கிக் கால் ஓமால் பெருக்க, 25 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் உண்டாகிறது. ஈயப்பற்று வைக்கப் பயன்படும் சிறிய சால்டரிங் அயர்னின் அளவே 25 வாட்தான். சூடான இணைப்பு விரிகிறது, அணைத்ததும் சுருங்குகிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் சற்றுத் தளர்ந்து, இன்னும் சற்று ஈரத்தை உள்ளே இழுக்கிறது. சுவிட்சுப் பலகையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருப்பதையும், ஃபியூஸ் கட்டையில் கருகிய நாற்றம் வருவதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ளே நடப்பது இதுதான்.

கை வைப்பதற்கு முன்

மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நீங்கள் கிணற்றோரம் இருக்கும்போது, தண்ணீர் முறைக்காக வந்த இன்னொருவர் மோட்டார் அறைக்குள் நுழைந்து பொத்தானை அமுக்கிவிடலாம். டெஸ்டரை மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, அது எரிகிறது என்று கண்டபின், வேலை செய்யவேண்டிய கம்பியில் வைத்துப் பார்த்து, பிறகு மீண்டும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு ஃபேஸ் மட்டும் வராத நேரத்தில் அதையே தொட்டுப் பார்த்து, எல்லாம் அணைந்துவிட்டது என்று ஏமாந்தவர்கள் உண்டு. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் கெப்பாசிட்டர், மின்சாரத்தை அணைத்த பிறகும் தன்னுள் மின்னூட்டத்தை வைத்திருக்கும். அதை முறையாக வடித்துவிடாமல் தொடக் கூடாது.

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும், மீட்டரும், மீட்டரின் சீலும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அங்கே பச்சை பூத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் நீங்கள் தொடாமல், மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் சரிசெய்துகொள்வதே முறை. மீட்டருக்குப் பின்னுள்ள வேலையையும் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்வதே நல்லது. என்ன செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால், செய்பவரும் கவனமாகச் செய்வார். அந்த எண்ணத்தில்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஜாயின்ட் போடும் விதம்

பச்சையோ கருப்போ ஏறிய கம்பியை முறுக்கி ஒட்டவைப்பதில் பயனில்லை. இழைக் கம்பிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே நீர், திரியில் எண்ணெய் ஏறுவது போல, உறைக்குள் நெடுந்தூரம் ஏறும். ஆகவே கெட்ட முனையை நான்கைந்து விரற்கடை வெட்டி, உறையைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு செம்பாகவே மின்னும் இடம் வரும்வரை வெட்ட வேண்டும். கம்பி குட்டையாகிவிடும் என்று தயங்கி, கறுத்த கம்பியிலேயே இணைப்பவர்கள் ஆறு மாதத்தில் மீண்டும் அந்த வேலைக்கு வருகிறார்கள்.

நம் வீடுகளில் பித்தளைச் செம்பையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்குகிறோம். களிம்பு நொடியில் போய்விடும். அதைப் பார்த்து, மின் இணைப்பையும் புளியோ எலுமிச்சையோ தேய்த்துச் சுத்தம் செய்வோர் இருக்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள். அந்தப் புளிப்பு முழுவதும் கழுவப்படாமல் இழைகளுக்குள் தங்கி, புதுக் களிம்பை விரைவாக ஏற்றும். பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்க முடியும். கம்பியை அப்படிச் செய்ய முடியாது. நைஸ் எமரித் தாளோ சிறிய கம்பி பிரஷோ போதும். ஈயப்பற்று வைப்பதானாலும், தகரப் பாத்திரம் அடைக்கும் ஆசிட்டைத் தொடாமல், மின்வேலைக்கான ரோசின் பசையையே பயன்படுத்த வேண்டும்.

கையால் முறுக்கும் ஜாயின்ட் வீட்டுக்குள், உலர்ந்த இடத்தில் ஓரளவு தாங்கலாம், வெளியில் தாங்காது. கம்பியின் பருமனுக்குச் சரியான, வெள்ளீயம் பூசிய செம்பு லக்ஸையோ (கம்பி முனையில் மாட்டும் உலோக முனை) குழாய் இணைப்பியையோ செருகி, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் நசுக்குவதே சிறந்தது. கட்டிங் பிளேயரால் நசுக்கியது கண்ணுக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும், இழைகளுக்கு நடுவே காற்று நின்றுவிடும். நசுக்கியபின் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. திருகின் கீழ் அமரும் இழைக்கம்பியின் முனைக்கு ஈயம் பூசிவிட்டுத் திருகை இறுக்குவது ஒரு பழைய வழக்கம். ஈயம் மெத்தென்றது, அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகிப் போகும், இறுக்கிய திருகு சில மாதங்களில் தானாகவே தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாக ஊசி போன்ற 'பின்' லக்ஸைப் போட்டு நசுக்கித் திருகின் கீழ் வைக்கலாம்.

டேப் சுற்றும் முறை

கடையில் "இன்சுலேஷன் டேப்" என்று கேட்டால் தருவது பி.வி.சி. டேப். அது மின்காப்புக்கு நல்லது, நீர்க்காப்புக்குப் போதாது. நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி வழிந்து, ஓரங்கள் எழும்பிவிடும். நீர்க்காப்பு தருவது, தனக்குத்தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப். அதில் பசை கிடையாது. இழுத்துச் சுற்றும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றோடு இணைந்து, சில மணி நேரத்தில் பிரிக்க முடியாத ஒரே ரப்பராகிவிடும். அதை இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. அகலம் முக்கால் பங்காகக் குறையும் அளவுக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மறைக்கும்படி சுற்ற வேண்டும். ஜாயின்ட்டின் இரு பக்கத்திலும் வயரின் உறைமேல் குறைந்தது மூன்று விரற்கடை தூரமாவது டேப் ஏறியிருக்க வேண்டும். அந்த உறை எண்ணெயும் மண்ணும் இல்லாமல் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன்மேல் வெயிலைத் தாங்குவதற்காகப் பி.வி.சி. டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றலாம். அதன் கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் விட்டால் முனை எழும்பாது.

செங்குத்தாக நிற்கும் கேபிளில் எந்தத் திசையில் சுற்றுவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பனையோலை வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வார். மேல் ஓலை கீழ் ஓலையின்மீது படிவதால்தான் மழைநீர் வழுக்கிக் கீழே இறங்கும். டேப்பையும் அப்படியே கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை வாங்கி உள்ளே விடும் வாயாக அமைந்துவிடும்.

சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் இன்னும் நல்லது. ஆனால் உட்புறம் பசை பூசியதாகக் கேட்டு வாங்க வேண்டும். பசையில்லாத ஸ்லீவ் கம்பியை மறைக்குமே தவிர நீரைத் தடுக்காது. கம்பிகளை இணைப்பதற்கு முன்பே அதை வயரில் கோத்துவிட வேண்டும். நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கிச் சூடு காட்டினால் காற்று வெளியேறும். இரு முனையிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கினால் சரியாக ஒட்டிவிட்டது என்று அறியலாம்.

தோட்டங்களில் சைக்கிள் டியூபை வெட்டி ஜாயின்ட்டில் சுற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கையில் கிடைத்ததைக் கொண்டு நேர்த்தியாகவே சுற்றுகிறார்கள். ஆனால் டியூப் ரப்பரில் கந்தகம் இருக்கிறது. அது செம்பைக் கறுக்கச் செய்யும். அந்தக் காலத்து ரப்பர் உறைக் கேபிள்களில் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருந்ததற்குக் காரணமே அதுதான். பாலித்தீன் பையால் கட்டி வைப்பதும் தவறு. இரவின் குளிரில் பைக்குள் வியர்த்து, அந்த நீர் போக வழியின்றி அங்கேயே நிற்கும்.

கிணற்றுக்குள்ளும் போர்வெல்லுக்குள்ளும் இறங்கும் ஜாயின்ட்

சப்மர்சிபிள் மோட்டாரின் ஜாயின்ட் ஆண்டு முழுவதும் நீருக்குள் கிடக்கிறது. மோட்டாரைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தைத் தாங்குகிறது. அதைப் போடுவதற்கு ஒரு மணி நேரம் ஆகுமானால் ஒரு மணி நேரத்தையும் கொடுக்க வேண்டும். பதினைந்து குழாய்களைக் கழற்றி மேலே எடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால், அந்த நேரம் பெரிதல்ல.

மூன்று கம்பிகளையும் ஒரே இடத்தில் இணைக்காமல், படிக்கட்டுப் போல ஒன்றுக்கொன்று தள்ளி இணைக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஜாயின்ட் ஓரிடத்தில் பருத்துக் குழாய்ச் சுவரில் உராயாது. டேப் என்றாவது கெட்டாலும் ஒரு ஃபேஸ் இன்னொன்றைத் தொடாது. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே கிரிம்ப், தனித்தனியே ரப்பர் டேப், பிறகு மூன்றையும் சேர்த்து மேலே ரப்பர் டேப், அதன்மேல் பி.வி.சி. டேப் என்பது வரிசை. தட்டைக் கேபிளின் மேலுறையை எமரித் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிய பிறகு சுற்றினால் பிடிப்பு உறுதியாக இருக்கும். கைவியர்வையிலும் உப்பு இருக்கிறது. சுற்றுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

இறக்குவதற்கு முன் சோதிக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீரெடுத்து, ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து, ஜாயின்ட்டை மட்டும் அதில் முழுவதும் மூழ்கும்படி ஓர் இரவு போட்டு வையுங்கள். கேபிளின் இரு முனைகளும் வெளியே இருக்கட்டும். காலையில் மோட்டாரோடு சேர்க்காத நிலையில், கம்பிக்கும் நீரில் இட்ட ஓர் இரும்புக் கம்பிக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கரை (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஜாயின்ட் பல நூறு மெகா ஓம் காட்டும். ஒற்றை இலக்கத்தில் காட்டினால் தயங்காமல் பிரித்துப் புதிதாகப் போடுங்கள். சோதித்தபின் நல்ல நீரில் கழுவி, கேபிளைக் குழாயோடு சேர்த்துக் கட்டும்போது, ஜாயின்ட்டின்மேல் இழுவை விழாதபடி அதற்கு மேலும் கீழும் கட்ட வேண்டும்.

அலுமினியமும் செம்பும் சேருமிடம்

தோட்டத்துக்கு நெடுந்தூரம் இழுக்க அலுமினியக் கேபிளை வாங்குகிறார்கள். விலை குறைவு என்பதால் அதில் தவறில்லை. அது செம்பைச் சந்திக்கும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது. இரு வேறு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் அந்த இடம் ஒரு சிறு பேட்டரியாகிவிடும். அதில் கரைந்து அழிவது அலுமினியம். வெள்ளைத் தூள் பூத்த இணைப்பைப் பார்த்தால் அங்கே பாதிக் கம்பி ஏற்கெனவே போய்விட்டது என்று கொள்ளலாம். மேலும் செம்பைவிட அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும். ஆகவே திருகும் தளரும்.

இரண்டையும் நேரடியாக முறுக்காமல், ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமாகச் செய்யப்பட்ட பைமெட்டாலிக் லக்ஸைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தைச் சுத்தம் செய்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைச் சுரண்டிய நொடியிலேயே காற்றுப் பட்டு, மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகிவிடும். ஆகையால் அதற்கென விற்கும் இணைப்புப் பசையை முதலில் தடவி, அந்தப் பசையினூடாகவே பிரஷால் தேய்த்து, துடைக்காமல் அப்படியே லக்ஸில் செருகி நசுக்க வேண்டும். இரண்டும் அருகருகே வரும் பெட்டியில் அலுமினியத்தை மேலும் செம்பைக் கீழும் அமையுங்கள். செம்பின்மேல் வடிந்து வரும் நீரில் செம்பின் உப்பு கரைந்திருக்கும். அது அலுமினியத்தின்மேல் சொட்டினால் அங்கங்கே குழி விழும்.

பெட்டியும் அது நிற்கும் சுவரும்

தென்காசிப் பக்கத்தில் மேற்குச் சுவரிலும், கடலோரத்தில் கடலைப் பார்த்த சுவரிலும் பெட்டி வைக்காதிருப்பது பாதிப் பாதுகாப்பு. தாழ்வாரத்தின் உட்சுவர் கிடைத்தால் அதுவே மிகச் சிறந்த இடம். பெட்டியில் குறித்திருக்கும் ஐ.பி. எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: ஐ.பி. 54 தூசியை ஓரளவும் தெறிக்கும் நீரையும் தடுக்கும், ஐ.பி. 65 தூசியை முற்றிலும், எத்திசையிலிருந்தும் பீய்ச்சும் நீரையும் தடுக்கும்; ஐ.பி. 67 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். சாரல் ஊர்களின் வெளிச்சுவருக்கு 65-ஐச் சொல்வேன். ஆனால் அந்த எண், பெட்டி தொழிற்சாலையை விட்டு வரும்போதுள்ள நிலைக்கு. மேலே ஓர் ஓட்டையைப் போட்டு, வயரை நுழைத்து, சிமென்ட்டால் பூசிவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வயர் எப்போதும் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து, கிளாண்டு (வயரை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) வழியாகவே நுழைய வேண்டும். மேலிருந்து வரும் வயரை நேராக உள்ளே விடாமல், பெட்டிக்குக் கீழே தொட்டில் கயிறு போல ஒரு சாண் தாழ விட்டு, பிறகு மேலேற்றி நுழைத்தால், வயரின்மேல் ஓடிவரும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டி விழுந்துவிடும். செலவே இல்லாத இந்த ஒரு வளைவு, விலையுயர்ந்த பல பூச்சுகளைவிட அதிகம் காக்கிறது. மொட்டைமாடியிலிருந்து சுவருக்குள் இறங்கும், வயர் செல்லும் கன்டியூட் குழாய்க்கும் இதே விதி. டேங்க் விளக்குக்காகத் திறந்து விட்ட குழாய்வாய் வழியே மழைநீர் இறங்கி, கீழ்வீட்டுச் சுவிட்சுப் பெட்டியில் சொட்டும். அந்த வாயைக் கீழ்நோக்கி வளைத்து அடைக்க வேண்டும்.

பகலில் வெயிலில் பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும்; இரவில் குளிர்ந்து, வெளியிலுள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். மார்கழிப் பனியில் மூடிய பெட்டிக்குள் நீர்த்துளி நிற்பது இவ்வாறுதான். ஆகவே வெளியில் உள்ள சாதாரணப் பெட்டியின் மிகத் தாழ்ந்த மூலையில் சிறியதொரு வடிகால் துளை இருப்பது நல்லது. எறும்பும் குளவியும் நுழையாதபடி அதற்குச் சிறு கம்பிவலை வைக்கலாம். எறும்புகள் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளுக்கு நடுவே புகுந்து நசுங்கி, இணைப்பைக் கெடுப்பது நம் மோட்டார் அறைகளில் நாள்தோறும் காணும் காட்சி. விளிம்புகளைச் சிலிக்கோன் பசையால் அடைப்பதானால், காடி நாற்றம் அடிக்கும் வகையை வாங்காதீர்கள். அது உலரும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நாற்றமில்லாத நியூட்ரல் வகை கடைகளில் கிடைக்கிறது.

கடலோர ஊர்களில் இரும்புத் தகடுப் பெட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. பாலிகார்பனேட் பெட்டியும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் முதலில் சற்று அதிகம் செலவாகும். உள்ளே, திருகி இறுக்கிய முனைகளின்மேல் வாசலினை மெல்லியதாகத் தடவினால் உப்புப் படலம் உலோகத்தைத் தொடாது. இறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும். தீப்பொறி உண்டாகும் இடங்களில், அதாவது சுவிட்சு, ரிலே, கான்டாக்டர் ஆகியவற்றின் தொடுமுனைகளில், எந்த கிரீஸும் கூடாது. டபிள்யூ.டி. 40 போன்ற தெளிப்பான் நனைந்த இடத்திலிருந்து நீரை விரட்டும். ஆனால் அது சில வாரங்களுக்கான காப்புதான்.

எர்த் இணைப்பு

மண்ணுக்குள் மறைந்திருப்பதால் யாரும் பாராத இணைப்பு இது. கரியும் உப்பும் போட்டு எர்த் குழாய் புதைக்கும் வழக்கத்தில், மண்ணின் மின்தடையைக் குறைக்கும் அதே உப்பு குழாயையும் போல்ட்டையும் அரிக்கிறது. குழாயும் வயரும் சேரும் இடத்தை மண்ணுக்குள் புதைக்காமல், மூடியுள்ள ஒரு சிறு தொட்டிக்குள் தரைமட்டத்தில் வைத்தால் ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்க முடியும். துத்தநாகம் பூசிய குழாயில் செம்பு வயரை நேரடியாகக் கட்டினால் துத்தநாகம் முதலில் அழிந்து, பிறகு குழாயும் துருவேறும்; அதே வகை ஜி.ஐ. பட்டையையோ கம்பியையோ குழாயிலிருந்து மேலே கொண்டுவந்து, உலர்ந்த இடத்தில் செம்போடு சேர்ப்பது நல்லது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலில் கோடையில் அந்தத் தொட்டியில் நீர் ஊற்றி வர வேண்டும்.

எர்த்தோடு சேர்த்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். மழை பெய்யும்போது மட்டும் அது விழுகிறது என்றால், எங்கோ ஓர் இணைப்பில் நீர் புகுந்து மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது. தொந்தரவு என்று எண்ணி அதைத் தாண்டி நேராக இணைத்துக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் குழந்தைகளும் இருந்தார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், யாரையும் செய்யச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பார்த்தால் கசியும் கிளை அகப்பட்டுவிடும். பெரும்பாலும் அது மொட்டைமாடி விளக்காகவோ, குளியலறை ஹீட்டராகவோ, மதிற்சுவர் விளக்காகவோ இருக்கும். கோயில் கொடைக்காக ஈரத் தரையில் இழுக்கும் சீரியல் செட் வயர்களுக்கும் இந்தக் கருவி அவசியம். அங்கே ஜாயின்ட்டுகள் தரையில் கிடக்காமல் கம்பில் கட்டி உயர்த்தப்பட்டிருக்க வேண்டும்.

டிராக்டர், இன்வெர்ட்டர் பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்ணீலத் தூளுக்குச் சுருக்கமான மருந்து: மைனஸ் வயரை முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் முனையைக் கழுவி, அந்த நீர் பேட்டரிக்குள் போகாதபடி பார்த்து, உலர்த்தி, இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். மாட்டும்போது மைனஸ் கடைசியில் வர வேண்டும்.

வெள்ளம் புகுந்த பிறகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதி வரை நீர் நின்றது. நீர் வடிந்த மறுநாள் எல்லோரும் கேட்ட கேள்வி, "இப்போது மெயினைப் போடலாமா" என்பதுதான். போடக் கூடாது. வெளிப்புறம் காய்ந்திருந்தாலும் பிளக் பாயின்ட்டுக்குள் வண்டல் ஈரமாகவே இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும்.

நீரில் மூழ்கிய எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்சு), ஆர்.சி.சி.பி., சுவிட்சு, பிளக் பாயின்ட் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். உள்ளே உள்ள சுருள்வில்லிலும் தொடுமுனையிலும் வண்டல் தங்கி, வேண்டிய நேரத்தில் அவை விழாமல் போகும். அவற்றை மாற்றியே ஆக வேண்டும். பி.வி.சி. வயர் பெரும்பாலும் தப்பிக்கும். முனைகளை நான்கு விரற்கடை வெட்டிப் புது முனையில் இணைக்க வேண்டும். இரும்புப் பெட்டிகளை நல்ல நீரால் வண்டல் போகக் கழுவி, திறந்து வைத்துக் காயவிடுங்கள்.

சப்மர்சிபிள் மோட்டார் நீருக்குள் இருக்கவே செய்யப்பட்டது. கெடுவது அதன் பேனல் பெட்டிதான். கிணற்றுமேட்டு மோனோபிளாக் மோட்டார் (பம்பும் மோட்டாரும் ஒன்றாக உள்ளது) மூழ்கியிருந்தால், கழற்றி, நல்ல நீரால் கழுவி, வெயிலில் இரண்டு மூன்று நாள் வைத்து, பேரிங்கை மாற்றி, பிறகு சுருளுக்கும் உடலுக்கும் நடுவே மெக்கரால் அளக்க வேண்டும். வீட்டு வயரிங்கானாலும் மோட்டாரானாலும், 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கையில் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும் என்பது விதி. முதல் நாள் அதற்கும் குறைவாகக் காட்டினால் மனம் தளர வேண்டாம். மேலும் காயவிட்டு மறுநாள் பாருங்கள், எண் ஏறிக்கொண்டே வரும். ஏறாமல் நிற்கும் கிளையை மட்டும் தனியே பிரித்து வைத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். புதுப் பலகையை அமைக்கும்போது, சுவரில் வெள்ளம் விட்டுச் சென்ற வண்டல் கோட்டைப் பார்த்து, அதற்கு மேலே ஒரு முழம் உயர்த்தி வையுங்கள்.